கெட் என்ற சொல்லும் சித்தூர்ப் பிள்ளைகளும்

ஆங்கிலத்தில் ஓரெழுத்தும் படித்திராதவர்களுக்கும் "கெட் அவுட்" தெரியும். நம் சினிமாவில் பணக்கார அப்பா ஏழைக் கதாநாயகனைப் பார்த்துச் சொல்லும் முதல் வசனமே அதுதானே! ஆக, நம் காதில் விழும் முதல் 'கெட்' நம்மை வெளியே போகச் சொல்கிறது. இரண்டாவது 'கெட்' பள்ளிக்கூடத்தில் வருகிறது. கெட் என்றால் பெறு என்று கரும்பலகையில் எழுதிப் போடுகிறார்கள். பிள்ளைகள் பத்து முறை எழுதுகிறார்கள். வெளியே போகச் சொன்ன கெட்டுக்கும், பெறச் சொல்லும் இந்தக் கெட்டுக்கும் என்ன உறவு என்று யாரும் கேட்பதில்லை. கேட்டால் முதல் கெட்டே பதிலாக வரும் என்ற பயமாகவும் இருக்கலாம்.

இம்மாதிரி ஒரு துக்கடாச் சொல்லுக்கு நம் சங்க இதழில் இத்தனை பக்கமா என்று அன்பர்கள் கேட்கக்கூடும். நான் மொழி அறிஞன் அல்லன். வங்கியில் கணக்கெழுதி ஓய்வு பெற்றவன். மாலை நேரத்தில் எங்கள் தெருப் பிள்ளைகள் ஆங்கில நோட்டைத் தூக்கிக்கொண்டு வருவார்கள். வீட்டில் தமிழ் பேசும் பிள்ளைகளும் உண்டு, தெலுங்கு பேசும் பிள்ளைகளும் உண்டு. இரண்டையும் கலந்தடிக்கும் பிள்ளைகளே அதிகம். சித்தூரில் அதில் வியப்பில்லை. அந்த நோட்டுகளில் சிவப்பு மையால் அடிக்கப்பட்டிருக்கும் பிழைகளைப் பல வருடங்களாகப் பார்த்து வந்ததில் எனக்கு ஓர் அபிப்பிராயம் உருவாகியிருக்கிறது. அதைச் சொல்லவே இந்தக் கட்டுரை.

ஒரு பையன், "ஐ பாட் நைன்ட்டி மார்க்ஸ்" என்று எழுதியிருந்தான். பக்கத்து வீட்டுப் பையன் எழுதியது, "நைன்ட்டி மார்க்ஸ் கேம் டு மீ". இரண்டுக்கும் ஒரே சிவப்புக் கோடு, ஒரே பூஜ்யம். ஆனால் முதல் பையன் தமிழன், இரண்டாமவன் தெலுங்கன் என்று பெயரைப் பார்க்காமலே சொல்லிவிடலாம். தமிழில் மார்க் வாங்குகிறோம். கடையில் கத்தரிக்காய் வாங்குவதும் அதே வாங்குதான். எனவே அவன் தொண்ணூறு மார்க்கை விலைக்கு வாங்கிவிட்டான். தெலுங்கில் மார்க் வரும். "நாக்கு மார்க்குலு வச்சாயி" என்பார்கள். (எனக்கு என்பதற்கான தெலுங்குச் சொல்லை நம் எழுத்தில் எழுதினால் நாக்கு ஆகிவிடுகிறது, என்ன செய்ய!) எனவே இவனிடம் தொண்ணூறு மார்க் நடந்தே வந்து சேர்ந்தது. இரண்டு பிள்ளைகளும் மடையர்கள் அல்லர். தத்தம் தாய்மொழியின் ஒழுங்கை அட்சரம் பிசகாமல் பின்பற்றியவர்கள். வீட்டில் நீ எப்படிச் சொல்வாய் என்று கேட்டு, அங்கிருந்து ஆங்கிலத்துக்கு அழைத்துப் போயிருந்தால் ஐந்து நிமிடத்தில் முடிகிற காரியம். ஆனால் வகுப்பில் தமிழோ தெலுங்கோ பேசினால் அபராதம் என்று சட்டம் போட்டிருக்கும் பள்ளியில் அதை எப்படிக் கேட்பது?

கெட் என்பதன் விஸ்தாரத்தைப் பார்க்க நாம் வெகுதூரம் போக வேண்டாம், திருமலைக்கு ஒரு நடை போய்வந்தால் போதும். நாம் எப்படிச் சொல்வோம்? பஸ் ஏறினேன். டிக்கெட் வாங்கினேன். மொட்டை அடித்துக்கொண்டேன். வரிசையில் நின்று களைத்துப் போனேன். தரிசனம் கிடைத்தது. லட்டு வாங்கினேன். மழையில் நனைந்தேன். இருட்டிவிட்டது. வீடு வந்து சேர்ந்தேன். மறுநாள் காய்ச்சல் வந்தது. இத்தனை வினைச்சொற்களுக்கும் ஆங்கிலேயன் கெட் ஒன்றையே வைத்துக் காலம் தள்ளிவிடுவான். காட் ஆன் த பஸ், காட் எ டிக்கெட், காட் டயர்ட், காட் வெட், காட் டார்க், காட் ஹோம், காட் ஃபீவர் என்று ஒரே மூச்சில் போகும். நம்மிடம் பத்துப் பாத்திரம் இருக்கிறது, அவனிடம் ஒரு குண்டான்தான். "கெட் என்றால் பெறு" என்று மனப்பாடம் செய்த பிள்ளை இருட்டைப் பெறுவதா, பஸ்ஸைப் பெறுவதா என்று விழிக்காமல் என்ன செய்யும்?

இதில் தரிசனத்தைக் கொஞ்சம் கவனியுங்கள். டிக்கெட்டை வாங்குகிறோம், லட்டை வாங்குகிறோம். தரிசனத்தை வாங்கினேன் என்று எந்தத் தமிழ் வாயும் சொல்லாது. அது கிடைக்க வேண்டும். தெலுங்கர் "தர்சனம் அயிந்தா?" என்பார்கள், ஆயிற்றா என்று. கிடைத்தாலும் சரி, ஆனாலும் சரி, அதில் நம் கை இல்லை. ஆங்கிலத்தில் இந்த வேறுபாடு மறைந்துபோகிறது. ஐ காட் த டிக்கெட், ஐ காட் தரிசனம் என்று இரண்டையும் ஒரே கையால் எடுத்துக்கொள்கிறார்கள்.

காய்ச்சல் வருகிறது, கோபம் வருகிறது, தூக்கம் வருகிறது. நமக்கு அவை எல்லாம் வெளியிலிருந்து வரும் விருந்தாளிகள். நாம் வாக்கியத்தில் 'எனக்கு' என்று திண்ணையில் உட்கார்ந்திருப்போம். தெலுங்கிலும் அப்படியே, "நித்ர வஸ்தோந்தி" என்பார்கள். ஆங்கிலத்தில் வீட்டுக்காரனே எழுந்து போய்க் காய்ச்சலைக் கூட்டி வரவேண்டும். ஐ காட் ஃபீவர். இதை வைத்து, தமிழன் விதியை நம்புகிறவன், ஆங்கிலேயன் செயல்வீரன் என்று மேடையில் முழங்குகிறவர்கள் இருக்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. அடி வாங்குவதும், திட்டு வாங்குவதும், நல்ல பேர் வாங்குவதும் நாம்தானே? தெலுங்கர் அடியைத் தின்றே விடுகிறார்கள். "தெப்பலு தின்னாடு", "திட்லு தின்னாடு". நாமும் "உதை தின்னப் போகிறாய்" என்று பிள்ளைகளை மிரட்டுவதுண்டு. மொழி ஒவ்வொன்றும் தன் போக்கில் பங்கு பிரித்துக்கொள்கிறது. அதிலிருந்து சாதிக் குணம் கண்டுபிடிப்பது வீண் வேலை.

நமக்கு மட்டும்தான் இந்தத் தொல்லை என்றும் நினைக்க வேண்டாம். துருக்கிக்காரர்கள் ஆங்கிலம் படிக்கும்போதும் இந்தக் கெட்டிடம் இதே போல் மாட்டிக்கொள்கிறார்கள். அவர்கள் மொழியில் 'அல்மக்' என்று ஒரு வினைச்சொல் உண்டு. எடுப்பது, பெறுவது, விலைக்கு வாங்குவது எல்லாம் அதுதான். கடையில் ரொட்டி வாங்கினாலும் அல்மக், தேர்வில் தொண்ணூறு வாங்கினாலும் அல்மக். நம் 'வாங்கு' அப்படியே! தூக்கம் வருகிறது என்பதற்கு "உய்கும் கெல்தி" என்பார்கள். உய்கு என்றால் தூக்கம், 'ம்' என்றால் என்னுடைய, கெல்தி என்றால் வந்தது. என் தூக்கம் வந்தது. விகுதி மேல் விகுதி ஒட்டுவதும், வினைச்சொல்லைக் கடைசியில் வைப்பதும் நம்மைப் போலவே. கால்டுவெல் 1856ல் தம் ஒப்பிலக்கணத்தை வெளியிட்டபோது திராவிட மொழிகளுக்கும் துருக்கி முதலிய மொழிகளுக்கும் உறவு இருக்கலாம் என்று இம்மாதிரி ஒற்றுமைகளைக் கண்டுதான் எண்ணினார். பின்வந்த அறிஞர்கள் அந்த உறவை ஒப்புக்கொள்ளவில்லை. உறவு இல்லாவிட்டால் போகட்டும், கஷ்டம் ஒன்றாக இருக்கிறதே!

இனி மொட்டைக்கு வருகிறேன். என் வாதத்தின் உயிர்நிலை அங்கேதான் இருக்கிறது.

திருமலை கல்யாணக்கட்டாவில் தலையைக் கொடுத்துவிட்டு வருகிறவர், "மொட்டை அடித்துக்கொண்டேன்" என்பார். அதை அப்படியே ஆங்கிலத்தில் போடுகிற பிள்ளை "ஐ ஷேவ்டு மை ஹெட்" என்று எழுதும். ஆங்கிலேயன் அதைப் படித்தால், இந்தப் பிள்ளை தானே கத்தியை எடுத்துத் தன் தலையைச் சிரைத்துக்கொண்டது என்று பொருள் கொள்வான். நாவிதரைக் கொண்டு செய்வித்தது என்று சொல்ல அவனுக்கு "ஐ காட் மை ஹெட் ஷேவ்டு" என்று வேண்டும். இந்த இடத்தில் தமிழ்ப் பிள்ளை தடுமாறுவது இயல்பு. பழந்தமிழில் செய்வி, உண்பி, வருவி என்று பிறவினை வளமாக இருந்தது. இன்றைய பேச்சில் அது பெரும்பாலும் தேய்ந்துபோய், செய்ய வைத்தேன், வெட்டச் சொன்னேன் என்று சுற்றி வளைக்கிறோம், அல்லது "முடி வெட்டினேன்" என்று விட்டுவிடுகிறோம். யார் வெட்டியது என்பது கேட்பவர் பாடு.

தெலுங்கில் பாருங்கள். "குண்டு கொட்டிஞ்சுகுன்னானு." கொட்டு என்பது அடி. 'இஞ்சு' வந்தால் அடிப்பித்தல், பிறர் கையால். 'குன்னானு' என்பது நம் கொண்டேன், எனக்காக. பிறரைக் கொண்டு எனக்காகச் செய்வித்துக்கொண்டேன் என்ற முழுச் சங்கதியும் ஒரே சொல்லுக்குள் அடங்கிவிட்டது! ஆங்கிலத்தின் "காட் மை ஹெட் ஷேவ்டு" சொல்வதும் இதைத்தான். வீடு கட்டிஞ்சுகுன்னானு, சட்டை குட்டிஞ்சுகுன்னானு, பல் பிடுங்கிக்கொண்டதுகூட "பீகிஞ்சுகுன்னானு". அன்றாடம் சந்தையிலும் சலூனிலும் இந்த இஞ்சுவைக் கேட்டு வளர்கிற சித்தூர்த் தமிழ்ப் பிள்ளைக்கு, சென்னையிலோ மதுரையிலோ இருக்கும் பிள்ளைக்கு இல்லாத ஒரு வசதி இருக்கிறது. "நம் நாவிதர் கடையில் தெலுங்கில் எப்படிச் சொல்வாய்? அதற்கு ஆங்கிலம் இது" என்று ஒருமுறை காட்டினேன். எட்டாம் வகுப்புப் பெண் ஒருத்தி, வழிகாட்டி நூலில் மூன்று பக்கம் படித்தும் விளங்காததை உடனே பிடித்துக்கொண்டு, வரிசையாகப் பன்னிரண்டு வாக்கியம் எழுதினாள். பன்னிரண்டும் சரி. அந்தப் பெண் படிக்கும் பள்ளி, வீட்டில் தமிழும் தெலுங்கும் பேசாதீர்கள், ஆங்கிலம் கெட்டுவிடும் என்று பெற்றோருக்கு அறிவுரை எழுதி அனுப்பியிருக்கிறது.

கெட் வந்தால் எல்லாம் கெடும் என்று வேடிக்கைக்குச் சொல்வேன், ஆனால் இது வேடிக்கை அல்ல. அந்த அறிவுரையை வேதவாக்காக எடுத்துக்கொண்ட வீடுகள் என் தெருவிலேயே நாலைந்து உண்டு. பாட்டிக்குத் தமிழ் மட்டும் தெரியும். பேரனிடம் தமிழ் பேசக் கூடாது என்று மருமகள் தடை போட்டுவிட்டாள். "கம் கண்ணா, ஈட் பண்ணு, வாஷ் பண்ணு" என்று ஒரு பாஷை வீட்டில் நடக்கிறது. அதை ஆங்கிலம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அதன் முதுகெலும்பு முழுக்க நம் பண்ணுவும் ஆகுவும்தான். "பஸ் மிஸ் ஆயிடுச்சு" என்கிறோமே, அதில் மிஸ் மட்டும் அவர்களுடையது. ஆங்கிலத்தில் பஸ்ஸைத் தவறவிட்டவன் நான். நம் வாக்கியத்தில் பழி பஸ் மேல் போய்விட்டது! இப்படியாக ஆங்கிலமும் வராமல், பாட்டியோடு நாலு வார்த்தை பேசவும் வராமல் ஒரு பையன் பத்து வயதாகி நிற்கிறான். பாட்டிக்கு உடம்புக்கு என்ன என்று கேட்க அவன் அம்மாவை இடையில் வைத்துக்கொள்கிறான்.

ஆங்கிலம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. வங்கியில் என் சோறே அதில்தான் வெந்தது. ஆந்திர அரசு 2019 நவம்பரில் அரசுப் பள்ளிகளில் ஒன்று முதல் ஆறாம் வகுப்புவரை ஆங்கில வழியாக மாற்ற ஆணை பிறப்பித்ததும், 2020 ஏப்ரலில் உயர்நீதிமன்றம் அதை ரத்து செய்ததும் அன்பர்களுக்கு நினைவிருக்கும். அப்போது நடந்த வாதப் பிரதிவாதங்களில் ஏழைப் பிள்ளைக்கு ஆங்கிலம் வேண்டாமா என்று கேட்டவர்களின் நியாயத்தை நான் குறைத்து மதிப்பிடமாட்டேன். பணக்காரப் பிள்ளைக்குக் கிடைப்பது கூலிக்காரர் பிள்ளைக்கும் கிடைக்கட்டும். என் கேள்வி எந்தப் பயிற்று மொழி என்பது பற்றியதே அல்ல. ஆங்கிலத்தைக் கற்பிக்கும் வகுப்பில் பிள்ளையின் வாயிலிருக்கும் இரண்டு மொழிகளை வாசலில் செருப்போடு கழற்றிவிட்டு வரச் சொல்வது எதற்காக?

வெள்ளைக்காரர்கள் நம் மொழிகளைக் கற்றபோது அப்படிச் செய்துகொள்ளவில்லை. ஆர்டன் என்ற பாதிரியார் 1873ல் தெலுங்குக்கும் பிறகு 1891ல் தமிழுக்கும் தம் நாட்டவர் படிப்பதற்கென்று இலக்கணம் எழுதினார். இரண்டும் ஆங்கிலத்தில் எழுதப்பட்டவை. பிரவுன் துரை 1852ல் வெளியிட்ட தெலுங்கு அகராதியும் ஆங்கிலத்தில் பொருள் சொல்வதுதான். அவர்கள் தமிழும் தெலுங்கும் கற்க ஆங்கிலம் துணைக்கு வரலாம், நம் பிள்ளை ஆங்கிலம் கற்கத் தமிழும் தெலுங்கும் துணைக்கு வரக்கூடாது என்றால், அது எந்த ஊர் நியாயம்?

கெட்டின் பிறப்பு வரலாறும் நமக்கு ஒரு பாடம் வைத்திருக்கிறது. அது ஆங்கிலேயர் வீட்டுச் சொத்து அல்ல. கடல் கடந்து வந்து அவர்களைக் கொள்ளையடித்து, பிறகு அங்கேயே குடியேறிவிட்ட வடநாட்டு வைக்கிங்குகளின் மொழியில் 'கெதா' என்று இருந்தது. அக்கம்பக்கத்தில் குடித்தனம் நடத்தியதில் ஆங்கிலத்துக்குள் வந்து, உள்ளூர்ச் சொல்லை ஓரங்கட்டிவிட்டு, இன்று அது இல்லாமல் ஆங்கிலேயனால் ஒரு நாளை ஓட்ட முடியாது. அண்டை வீட்டுக்காரனிடம் சொல் வாங்கியதால் ஆங்கிலம் அழிந்துபோகவில்லை. சித்தூர்த் தமிழில் தெலுங்கு வாடை அடிக்கிறது என்று தமிழ்நாட்டு உறவினர்கள் கேலி செய்கிறார்கள். சித்தூர்த் தெலுங்கில் தமிழ் வாடை அடிக்கிறது என்று கிருஷ்ணா, குண்டூர்ப் பக்கத்தார் சிரிக்கிறார்கள். 1911 வரை வட ஆர்க்காட்டோடு இருந்தோம், 1953ல் ஆந்திரத்துக்குப் போனோம், 1960ல் திருத்தணி மட்டும் பிரிந்து அந்தப் பக்கம் போயிற்று, 2022ல் திருப்பதி தனி மாவட்டம் ஆயிற்று. கோடுகள் இத்தனை முறை இடம் மாறிய ஊரில் சொற்கள் மட்டும் அசையாமல் நிற்க வேண்டும் என்றால் எப்படி?

உண்மையில் தெலுங்கைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் தமிழும் நன்றாக விளங்குகிறது. ஆங்கிலத்தில் கொடுப்பதற்கு கிவ் ஒன்றுதான். தொல்காப்பியர் சொல்லதிகாரத்தில் ஈ, தா, கொடு என்று மூன்றைப் பிரித்து, தாழ்ந்தவன் ஈ என்றும், சமமானவன் தா என்றும், உயர்ந்தவன் கொடு என்றும் கேட்பான் என்கிறார். இன்று ஈ நம்மிடம் புலவர் வாக்கில் மட்டும் இருக்கிறது. திருப்பதி வீதிகளில் அது 'இவ்வு', 'இச்சினானு' என்று உயர்வு தாழ்வு இல்லாமல் எல்லோர் வாயிலும் உலவுகிறது. கலெக்டரும் இவ்வுதான், பிச்சைக்காரரும் இவ்வுதான். நம் 'தா'வின் உறவுச் சொல் தெலுங்கில் 'தே', கொண்டுவா என்ற பொருளில். நம் 'கொள்முதல்' என்ற சொல்லில் மட்டும் ஒட்டிக்கொண்டிருக்கும் விலைக்கு வாங்கும் பொருள், தெலுங்குக் 'கொனு'வில் தினசரிப் புழக்கமாக இருக்கிறது. இதையெல்லாம் தமிழ் வகுப்பில் யாராவது சொல்லித் தருகிறார்களா? நமக்குத் தொல்காப்பியம் பாயிரத்தில் வேங்கடத்தை வட எல்லையாகச் சொன்னதோடு முடிந்துபோகிறது. மேடைக்கு அது போதும்தான்.

நாங்கள் படித்த காலத்தில் ஒரு விசேஷம். கட்டுரையில் கெட் எழுதினால் எங்கள் ஆசிரியர் அடித்துவிட்டு 'அப்டெய்ன்' என்று திருத்துவார். கெட் கொச்சை என்பது அவர் எண்ணம். அதன் பலனாக, விண்ணப்பம் எழுத மிக நன்றாக வரும். ரயிலில் பக்கத்தில் இருப்பவரோடு ஆங்கிலத்தில் நாலு வார்த்தை பேச வராது. இன்றைய பிள்ளைகளுக்கு நேர்மாறான தண்டனை. கெட் அப், கெட் ஓவர், கெட் த்ரூ, கெட் பை என்று அறுபது எழுபதைப் பட்டியலாகக் கொடுத்து நெட்டுருப் போடச் சொல்கிறார்கள். ஆக்ஸ்போர்டு அகராதிக்காரர்கள் 'ரன்' என்ற வினைக்கு மட்டும் 645 பொருள் கண்டிருப்பதாக 2011ல் செய்தி வந்தது. இந்தப் பட்டியல் வழியிலேயே போனால் பிள்ளை எந்த ஜென்மத்தில் கரையேறும்?

ஆகவே நம் சங்கத்தார் முன் ஒரு யோசனை வைக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் நடக்கும் தமிழ் வகுப்பில் அரைமணி நேரத்தை இதற்கு ஒதுக்கலாம். நாள்தோறும் புழங்கும் ஆங்கில வினைச்சொற்கள் ஐம்பது போதும். கெட், டேக், கிவ், புட், மேக் போன்றவை. ஒவ்வொன்றுக்கும் நோட்டில் மூன்று பத்தி. வீட்டில் தமிழில் எப்படி, கடைத்தெருவில் தெலுங்கில் எப்படி, ஆங்கிலத்தில் எப்படி. எழுதுவது பிள்ளைகளாக இருக்கட்டும். தமிழ்ப் பத்திக்குப் பாட்டியைக் கேட்டு வரவேண்டும் என்று நிபந்தனை வைக்கலாம், தெலுங்குப் பத்திக்குப் பக்கத்து வீட்டாரை. ஒரு வருடத்தில் அது ஒரு சிறு புத்தகமாகிவிடும். சரிபார்க்க ஆளில்லாமல் போகாது. திருப்பதியில் 1954 முதல் வேங்கடேசுவரா பல்கலைக்கழகம் இருக்கிறது. நம் மாவட்டத்துக் குப்பத்திலேயே 1997 முதல் திராவிடப் பல்கலைக்கழகம் இருக்கிறது. அங்குள்ள பேராசிரியர்கள் இம்மாதிரி வேலைக்கு மறுக்கமாட்டார்கள் என்று நம்புகிறேன். தெலுங்கு வீட்டுப் பிள்ளைகளையும் வகுப்பில் சேர்க்க வேண்டும். தமிழ்ச் சங்கத்தில் தெலுங்குப் பிள்ளைக்கு என்ன வேலை என்று சில பெரியவர்கள் முகம் சுளிப்பார்கள், அவர்களோடு நான் தனியே பேசிக்கொள்கிறேன்.

முதல் நாளைக்கு 'கெட்' எடுக்கலாம். திருமலை போய்வந்த கதையைப் பிள்ளைகள் மூன்று மொழியிலும் சொல்லட்டும். நாற்பது பக்க நோட்டு இருபது என் செலவில் வாங்கித் தருகிறேன். கரும்பலகைக்கு வர்ணம் பூசி வெகுநாளாயிற்று, அதைச் செயலாளர் கவனித்தால் நல்லது.